கூடாரத்தின் அளவு யாது?

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் மொழி. இதை அடிக்கடி சொல்லுகிறோம். ஆனால் அவ்வளை எத்தனை முழ நீளம், எத்தனை முழ அகலம் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வீடு கட்டுவதானால் கொத்தனாரைக் கூப்பிட்டு அங்குலம் அங்குலமாகக் கணக்குப் பார்க்கிறோம். தூக்கிச் செல்லும் கூடாரமோ, நாலு நாள் தங்கும் கொட்டகையோ என்றால் மட்டும், 'ஏதோ தலைக்கு மேல் ஒரு மறைப்பு இருந்தால் போதும்' என்று விட்டுவிடுகிறோம். நாலு நாளைக்கென்று போட்ட கொட்டகையில் ஜனங்கள் ஒரு வருஷத்துக்கு மேலும் குடியிருக்க நேர்ந்ததை நமது கடற்கரை கண்டிருக்கிறது. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியமாகும்.

இத்தகைய கூடாரங்களைப் பற்றி மிகவும் நுட்பமாக யோசித்திருப்பவர்கள் பனி நாட்டு மீன்பிடிப்போர் என்றே சொல்லலாம். வட அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்திலும், கானடாவிலும், ஐரோப்பாவில் பின்லாந்திலும் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடுகின்றன. ஜனங்கள் அவ்வுறைந்த நீரின்மேல் நடந்து சென்று, பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடுகிறார்கள். ஓர் ஆள் நடப்பதற்கே பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலக் கனம் இருக்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் எச்சரிக்கை. உறைபனிக் காற்றைத் தாங்குவதற்காகக் குடைபோல் விரியும் துணிக் கூடாரத்தைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துப் போகிறார்கள். மாலையில் மடக்கி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள்.

அவர்கள் கூடாரம் வாங்கும்போது பார்ப்பவை நான்கு. உள்ளே எத்தனை பேர்? அவர்களோடு எத்தனை சாமான்? எழுந்து நிற்க உயரம் உண்டா? இழுத்துச் செல்ல எவ்வளவு பாரம்? 'இருவருக்கு' என்று கடைக்காரர் எழுதி விற்கும் கூடாரத்தில் இருவர் முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டுதான் உட்கார இயலும். ஆகவே இருவர் போவதானால் மூவருக்குரியதை வாங்கு என்பது அவர்களுடைய அனுபவ வாக்கு. ஆனால் அளவுக்கு மிஞ்சிப் பெரிதானால் உள்ளே வைக்கும் அடுப்பு அதைச் சூடேற்றப் போதாது. மிகச் சிறிதாக்கிக் காற்றுப் புகாமல் மூடிவிட்டாலோ, அடுப்பிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு வாசனையே காட்டாமல் உயிரைக் குடித்துவிடும். இப்படிப் பெரிதுக்கும் சிறிதுக்கும் நடுவே சரியான அளவைத் தேடுவதே அவர்கள் கலை.

பனியே காணாத நமக்கு இது எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அவர்களுக்குக் குளிர் எப்படியோ அப்படி நமக்கு வெயில். அவர்கள் உஷ்ணத்தை உள்ளே நிறுத்தப் பாடுபடுகிறார்கள். நாம் அதை வெளியே துரத்தப் பாடுபட வேண்டியிருக்கிறது. ஆள், சாமான், உயரம், பாரம் என்ற அந்த நான்கு கேள்விகளும் மணலுக்கும் அப்படியே பொருந்தும். அங்கே கூடாரம் ஒரு நாள் பொழுதுபோக்குக்கு உரியது. இங்கேயோ அது குடும்பத்தின் மானத்தையும் உயிரையும் காக்க வேண்டியது.

தரங்கம்பாடி, அலைகள் பாடும் ஊர் என்று பொருள் சொல்லும்படியான பெயரைத் தாங்கியது. 1620-ஆம் வருஷத்தில் டேனிஷ்காரர் வந்து கோட்டை கட்டியதும், 1845-இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றதும் சரித்திரம். அவர்களுக்கு முன்னரே பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும் பாகத்தைக் கடல் விழுங்கிவிட்டது. கல் கோயிலையே அரித்துத் தின்னும் கடலின் ஓரத்தில், தலைமுறை தலைமுறையாய்க் கீற்றுக் குடிசை போட்டு வாழ்ந்து வந்தவர்கள் மீனவர்கள்.

2004-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கடல் சுனாமியாய் எழுந்து வந்தது. அப்போது தரங்கம்பாடி நாகப்பட்டினம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது; இப்பொழுது மயிலாடுதுறை ஜில்லாவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் எல்லாவற்றிலும் அதிக உயிர்ச்சேதம் அந்த நாகை ஜில்லாவில்தான். அங்கு மாத்திரம் மாண்டவர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர். எஞ்சியவர்களுக்குச் சர்க்காரும் தொண்டர் சங்கங்களும் அவசர அவசரமாய்த் தற்காலிகக் கொட்டகைகள் போட்டன. அவற்றிற் பெரும்பாலானவை தார் பூசிய கறுப்பு அட்டைகளால் ஆனவை; வரிசை வரிசையாய், சுவரோடு சுவர் ஒட்டி நின்றவை. நல்ல எண்ணத்தோடும் அதிசயிக்கத்தக்க வேகத்தோடும் செய்த காரியம் அது. அதில் ஐயமில்லை. ஆனால் சித்திரை பிறந்ததும் அந்தக் கறுப்பு அட்டை வெயிலை உறிஞ்சிப் பகலில் உள்ளே இருக்கவொட்டாமல் அடித்தது. மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கும் எட்டுப் பேர் உள்ள குடும்பத்துக்கும் ஒரே அளவு அறை. ஸ்திரீகள் உடை மாற்றிக்கொள்ள மறைவு இல்லை. நிரந்தர வீடுகள் பற்றிய சர்க்கார் உத்தரவு 2005 மார்ச்சில் பிறந்தது. அந்த வீடுகள் எழுந்து முடியும் வரையில், ஒரு வருஷமும் அதற்கு மேலும், பல குடும்பங்கள் அக்கொட்டகைகளிலேயே காலம் தள்ளின.

ஆகவே முதற் கேள்விக்கு வருவோம். ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? உலகத்துத் தொண்டர் சங்கங்களும் செஞ்சிலுவைச் சங்கமும் 1997-இல் கூடித் தொடங்கிய ஸ்பியர் என்னும் முயற்சி இதற்கு ஒரு கணக்குச் சொல்லுகிறது. ஆபத்துக் காலத்துத் தங்குமிடத்தில், தலைக்குக் குறைந்தது மூன்றரைச் சதுர மீட்டர் தரை வேண்டும். ஏறத்தாழ 38 சதுர அடி. அதாவது ஆறடிக்கு ஆறேகால் அடி. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் பதினேழரைச் சதுர மீட்டர். நம் கணக்கில் 12 அடி அகலமும் 16 அடி நீளமும் உள்ள ஓர் அறை என்று வைத்துக்கொள்ளலாம். அதே குடும்பத்தைப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் வைத்தால் ஆளுக்கு 24 சதுர அடிதான் கிடைக்கும். அது ஒரு பாய் விரிக்கும் இடம். பாயில் மனிதன் படுக்கலாம், வாழ முடியாது.

தரையைப் போலவே உயரமும் முக்கியம். முகடு குறைந்தது 2 மீட்டர், வெப்ப நாடுகளில் 2.6 மீட்டர் இருக்க வேண்டும் என்று அந்நூலின் 2018-ஆம் வருஷப் பதிப்பு விதிக்கிறது. சூடேறிய காற்று மேலே எழும். அது தங்க உயரம் இல்லையானால் நம் தலையிலேயே தங்கும்.

இனி, ஆபத்துக் காலத்தில் உலகெங்கும் வழங்கப்படும் தார்ப்பாயை எடுத்துக்கொள்வோம். அதன் அளவு 4 மீட்டருக்கு 6 மீட்டர். பாரம் ஏறக்குறைய 5 கிலோ. ஒரு பையன்கூடத் தூக்கிவிடுவான். பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கு இங்கே உதவிக்கு வருகிறது. இப்பாயை நீளவாட்டில் முகட்டுக் கயிற்றின்மேல் போட்டு, இருபுறமும் இரண்டிரண்டு மீட்டராய்த் தரை வரையில் இறக்கி, முகட்டை ஒன்றரை மீட்டரில் நிறுத்தினால், உள்ளே சுமார் 16 சதுர மீட்டர் தரை கிடைக்கும். ஆனால் யாரும் நிமிர்ந்து நிற்க இயலாது. பாயைத் திருப்பி, இருபுறமும் மும்மூன்று மீட்டராய் இறக்கி, முகட்டை 2 மீட்டருக்கு உயர்த்தினால், தரை ஏறக்குறைய 18 சதுர மீட்டர். ஐவருக்குச் சரியான கணக்கு. பாய் ஒன்றே, விரிக்கும் விதத்தினால் எவ்வளவு பேதம் பாருங்கள்!

காற்றோட்டத்துக்காக முகட்டை 2.6 மீட்டருக்கு ஏற்றினாலோ, தரை 12 சதுர மீட்டராய்ச் சுருங்கிவிடும், மூவருக்குத்தான் போதும். உயரம் வேண்டுமா, தரை வேண்டுமா என்ற தர்மசங்கடம் இங்கே எழுகிறது. இதைத் தீர்க்கும் வழியை நாம் வேறு தேசத்திலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. காவேரிப் பாய்ச்சலில் தென்னை உள்ள ஊரெல்லாம் கீற்று முடைகிறார்கள், மூங்கிலும் கிடைக்கிறது. ஒரு மீட்டர் உயரத்துக்குக் கீற்றுத் தட்டியால் பக்கச் சுவர் வைத்து, அதன்மேல் இதே பாயைக் கூரையாய்ப் போடுங்கள். முகடு 2.6 மீட்டரிலேயே நிற்கும். தரையோ 20 சதுர மீட்டராய் விரியும். மழை நீர் உள்ளே வழியாதபடி இருபுறமும் ஓரடி இறவாணம் விட்டாலும் சுமார் 17 சதுர மீட்டர் கிடைக்கும். இரு முனைகளுக்கும் தட்டியே கதவு. பாயின்மேல் கீற்றைப் பரப்பிவிட்டால் வெயிலின் கொடுமையும் தணியும். வெளியிலிருந்து வந்த ஐந்து கிலோப் பாயும் உள்ளூர்க் கீற்றும் சேர்ந்து செய்யும் இவ்வேலையை எந்த விலையுயர்ந்த கூடாரமும் சுலபத்தில் செய்துவிடாது.

அடுத்தது சாமான். பட்டணத்தில் இருந்து கணக்குப் போடுவோர் தவறுவது இங்கேதான். மீனவர் குடும்பத்துக்கு வலை உண்டு. படகின் இயந்திரம் உண்டு. ஸ்திரீகள் தலையில் சுமந்து விற்கும் மீன் கூடை உண்டு. ரேஷன் அட்டையும் பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டும் வைத்த பெட்டி உண்டு. ஈர வலை ஒன்றை உள்ளே கொண்டு வந்தால் இரண்டு பேர் வெளியே போக வேண்டியதுதான். ஆகையால் வலைக்கும் இயந்திரத்துக்கும் நாலைந்து குடும்பத்துக்குப் பொதுவாய் ஒரு தனிக் கொட்டகை போடுவது உத்தமம். அடுப்பும் அவ்வாறே வெளியில் இருக்க வேண்டும். கீற்றுக்கும் தாருக்கும் நெருப்பு ஜன்மப் பகை என்பதைக் கடற்கரைவாசிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் பெரிதாகவே போட்டுவிட்டால் என்ன? கடற்கரையில் அதற்குக் காற்று இடம் கொடாது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது துணியைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். துணியின் பரப்புப் பெருகினாலும் அப்பலம் பெருகும். மணலில் அடித்த முளையோ பிடிமானம் இல்லாதது. மணல் நிரப்பிய சாக்கைக் கயிற்றில் கட்டி இரண்டடி ஆழத்தில் புதைத்தால்தான் கூடாரம் நிலைக்கும். எட்டுப் பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரே பெரிய கூடாரத்தைவிட, வாசலோடு வாசல் சேர்த்த இரு சிறு கூடாரங்கள் மேல். பெண்டுகளுக்கும் பிணியாளர்க்கும் மறைவு கிடைக்கும். ஒன்று கிழிந்தாலும் மற்றொன்று நிற்கும். பனி ஏரிக்காரர்களும் இவ்வாறு இரண்டை இணைத்துக்கொள்வதுண்டு.

ஒன்று மட்டும் மறக்கலாகாது. புயல் அடிக்கும் நேரத்துக்குரியதல்ல கூடாரம். அப்போது உறுதியான புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விட வேண்டும். புயல் ஓய்ந்த மறுநாள், கூரை பறந்துபோன வீட்டின் முன் நிற்கும்போதுதான் கூடாரத்தின் வேலை தொடங்குகிறது. 1977 நவம்பரிலும், 2018 நவம்பரில் கஜா புயலிலும் நமது டெல்டா ஜனங்கள் அந்த மறுநாளைக் கண்டிருக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகை வருஷந்தோறும் வரத்தான் போகிறது. கிராமப் பஞ்சாயத்தார் புரட்டாசியிலேயே உட்கார்ந்து, எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர், கிழவர் யார், கைக்குழந்தை எங்கே என்று ஒரு ஜாபிதா எழுதி, அதற்கேற்பப் பாயும் கயிறும் மூங்கிலும் சேர்த்து வைப்பார்களானால், ஆபத்துக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு என்ற அநியாயம் நேராது.

1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் உப்பு சத்தியாக்கிரகத் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு இந்தத் தஞ்சைச் சீமை வழியாக நடந்தார்கள். அவர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று ஜில்லாக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். எச்சரிக்கையை மீறி ஜனங்கள் உணவும் இடமும் கொடுத்தார்கள். சிறைக்கு அஞ்சாமல் அந்நியருக்குத் திண்ணை கொடுத்த சீமை இது. தன் ஊர்க் கடற்கரையில் தவிக்கும் குடும்பத்துக்கு ஆறடிக்கு ஆறேகால் அடி கொடுக்க அது கணக்குப் பார்க்குமா? கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். குறைப்பதற்காக அன்று, குறையாமல் கொடுப்பதற்காக.