காசும் கொடுக்காமல், கிராக்கும் போடாமல்...

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் வீட்டில் முதல் நாள் நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். கொண்டு வந்து மாட்டிக் கொடுப்பவர், "எல்லாம் போட்டுக் கொடுத்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த "எல்லாம்" என்ன, அது யாருடையது, அதற்குப் பணம் கட்டியது யார் என்று நாம் கேட்பதில்லை. கீழ்புத்துப்பட்டில் இருக்கும் என் சித்தப்பாவும் கேட்கவில்லை.

சித்தப்பா மரக்காணம் உப்பளத்தில் கணக்கு எழுதுபவர். யார் எத்தனை நாள் உப்பு வாரினார்கள், எத்தனை மூட்டை லாரி ஏறியது, யாருக்கு எவ்வளவு முன்பணம் என்பதெல்லாம் முன்பு நீள நோட்டில் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிய பிறகு எல்லாம் எக்ஸெல் பைலுக்குப் போனது. நானே சொல்லிக் கொடுத்தேன். அதில் போட்டிருந்த ஆபீஸ் தொகுப்பு திருட்டு நகல் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

2024 ஜூலையில் ஒரு நாள், லைசென்ஸ் காலாவதி என்று திரையில் ஒரு பெட்டி வந்திருக்கிறது. தெரிந்த பையன் ஒருவன் பென் டிரைவில் "ஆக்டிவேட்டர்" கொண்டு வந்தான். ஆன்டி வைரஸை நிறுத்தச் சொன்னது, நிறுத்தினார்கள். மறுநாள் காலை எனக்குப் போன். "தம்பி, பைல் பேரெல்லாம் மாறிக் கெடக்குது. எதுவும் தொறக்க மாட்டேங்குது."

ரான்சம்வேர். பைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் புரோகிராம். 2017 மே மாதம் உலகையே கலக்கிய வான்னகிரை இந்த இனம்தான். ஸ்டாப் என்று பெயர் பெற்ற இன்னொரு குடும்பம் பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக் பைல்கள் வழியாகத்தான் பரவியது. கிராக் போடும்போது ஆன்டி வைரஸை நிறுத்தச் சொன்னால், திருடனுக்காக நாயைக் கட்டிப் போடச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

மார்ச் மாதக் கடைசியில் பங்குதாரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு நகல் மட்டும் பிழைத்தது. மீதி மூன்று மாதக் கணக்கை, ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு எழுதினோம். யாரும் வாங்கிய முன்பணத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒருவர் கணக்கில் மட்டும் 1,800 ரூபாய் ஒத்துவரவில்லை. சித்தப்பா தன் கையிலிருந்து கொடுத்துவிட்டார்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

அதன் பிறகு அந்த மெஷினைத் துடைத்து லினக்ஸ் மின்ட் போட்டேன். "இதுவும் ஓசிதானே, இதுல மட்டும் வராதா?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. சில புரோகிராம்கள் விலையில்லாமல் கிடைக்கும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. சில முப்பது நாள் மட்டும் ஓடும். கட்டற்ற மென்பொருள், அதாவது ஓப்பன் சோர்ஸ் என்பது அப்படியல்ல. அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு நகல் கொடுக்கலாம். நகல் எடுப்பதே சட்டப்படி உங்கள் உரிமை என்பதால் கிராக் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனு திட்டமும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட லினக்ஸும் இப்படி வளர்ந்தவையே. ஆங்கிலத்தில் "ஃப்ரீ" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இன்றுவரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வைரஸே வராது என்று நம்பிவிடாதீர்கள். எதையும் அதற்குரிய இணையதளத்திலிருந்தோ, லினக்ஸில் உள்ள சாப்ட்வேர் மேனேஜரிலிருந்தோ மட்டும் எடுங்கள்.

உண்மையில் இது நம் ஊருக்குப் புதிதே அல்ல. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் சென்னை மையத்தில் உருவானது அது. பிளஸ் டூவில் அந்த லேப்டாப் வாங்கியவன்தான் நானும். நாங்கள் செய்த முதல் காரியம், லினக்ஸ் இருந்த இடத்தை அழித்து சினிமா ஏற்றியது!

எங்கே ஆரம்பிப்பது?

ஒரேயடியாக விண்டோஸை எடுக்க வேண்டாம். முதலில் அதிலேயே லிப்ரே ஆபீஸ் இன்ஸ்டால் செய்திடுங்கள். வேர்டுக்கு ரைட்டர், எக்ஸெலுக்கு கால்க், பவர்பாயின்டுக்கு இம்ப்ரெஸ். 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த தொகுப்பு இது. உங்கள் பழைய பைல்களைத் திறக்கும்; எக்ஸெல் வடிவிலேயே திரும்ப சேவ் செய்யவும் முடியும். படம் பார்க்க விஎல்சி, போட்டோ திருத்த கிம்ப், இணையத்திற்கு பயர்பாக்ஸ். ஒரு மாதம் பழகிய பின் லினக்ஸ் பக்கம் வாருங்கள்.

அதையும் இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். மின்ட் தளத்தில் ஐஎஸ்ஓ பைலை டவுன்லோட் செய்து, ரூஃபஸ் என்ற சிறு புரோகிராம் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும், கவனம். பின் அதிலிருந்து பூட் செய்தால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் ஓடும். 4 ஜிபி ராம் இருந்தால் தாராளம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

சித்தப்பாவுக்குச் சிக்கல் வந்தது வேறு இடத்தில். பைல் திறந்தது, எண்கள் சரியாக இருந்தன. ஆட்களின் பெயர் இருந்த இடத்தில் மட்டும் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள். அவர் டைப் செய்தது யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த பான்ட் இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடு மாற்றி ஒன்றின் உதவியால் பெயர்களை மாற்றினோம். இப்போது லினக்ஸிலேயே தமிழ்99 விசைப்பலகை வைத்து அடிக்கிறார். நீங்கள் இன்றுதான் தமிழில் டைப் செய்யத் தொடங்குகிறீர்கள் என்றால், முதல் நாளிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள்.

எல்லோரும் மாறிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆடிட்டர் டேலி பைல்தான் வேண்டும் என்றால் விண்டோஸை வைத்துக்கொள்வதே நல்லது. கல்யாண ஆல்பம் வேலை செய்பவருக்கு, போட்டோஷாப் பைல்கள் கிம்பில் முழுதாக வராமல் எரிச்சலூட்டும். அவர்கள் காசு கொடுத்தே வாங்கலாம். கிராக் மட்டும் வேண்டாம்.

சந்தேகம் கேட்க ஆள் வேண்டுமே என்பவர்களுக்கு: எங்கள் மாவட்டத் தலைநகரிலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. தமிழில் படிக்க, 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் இருக்கிறது.

இப்போது சனிக்கிழமைதோறும் கணக்கு பைல் இரண்டு பென் டிரைவில் ஏறுகிறது. ஒன்று சித்தப்பா வீட்டில், இன்னொன்று பங்குதாரர் வீட்டில். பிரின்டர் ஓடுகிறது. அதிலுள்ள ஸ்கேனர்தான் இன்னும் லினக்ஸுக்கு மசியவில்லை. பொங்கல் லீவில் போய் உட்கார வேண்டும்.