சரிந்த கத்தி

1792-இல் பிரெஞ்சு அரசு ஒரு கொலைக்கருவி செய்ய ஆள் தேடியது. அரசாங்கத் தச்சர் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டவர் தோபியாஸ் ஷ்மிட் என்ற ஜெர்மானியர். ஹார்ப்சிகார்ட் என்னும் இசைக்கருவிகளைச் செய்வது அவர் தொழில். அவர் கையால் உருவானதுதான் கில்லட்டின்.

அதுவரை பிரான்ஸில் சாவிலும் அந்தஸ்து பார்த்தார்கள். பிரபுவுக்கு வாள்வெட்டு, சாமானியனுக்குத் தூக்கு. கொடுங்குற்றவாளியைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்தார்கள். 1789-இல் தேசியப் பேரவை உறுப்பினரான டாக்டர் ஜோசப் கில்லட்டின், எல்லாருக்கும் ஒரே தண்டனை வேண்டும், அதையும் எந்திரம் நொடியில் முடிக்க வேண்டும் என்றார். பாரிஸில் மரண தண்டனையை நிறைவேற்றிவந்த சான்சனும் வாளின் குறையைச் சொன்னார்: ஒருவரை வெட்டினாலே வாள் மழுங்கிவிடும், அடுத்தவருக்கு மறுபடி சாணை பிடிக்க வேண்டும்.

எந்திரத்தை வடிவமைத்தவர் அந்துவான் லூயி என்ற அறுவை மருத்துவர். விழும் கத்தி புதிதல்ல. ஸ்காட்லாந்தில் 1564 முதலே 'மெய்டன்' என்ற எந்திரம் இருந்தது. கில்லட்டினின் சிறப்பு அதன் கத்தியின் சரிவு. தக்காளிமேல் கத்தியை நேராக அழுத்தினால் நசுங்குகிறது, இழுத்தால் அறுபடுகிறது. சரிந்த விளிம்பு கீழே விழும்போதே இழுத்து அறுக்கும். இரண்டு தூண்களின் காடிகளில் இறங்கும் கத்திக்கு மேலே கனமான இரும்புக் கட்டி. கீழே கழுத்தைப் பிடிக்க வட்டத் துளையுள்ள பலகை. கயிற்றை விட்டால் ஒரு விநாடிகூட ஆகாது.

முதலில் ஆடுகளிலும் பிணங்களிலும் சோதித்தார்கள். 1792 ஏப்ரல் 25-இல் பெல்த்தியே என்ற வழிப்பறிக்காரன் தலை விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு ஏமாற்றம்: கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிட்டது! அடுத்த ஜனவரியில் அதே வகை எந்திரத்தின் முன் மன்னர் பதினாறாம் லூயியே நின்றார். சமத்துவம் வந்துவிட்டது.

கூடவே வேகமும் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் 'பயங்கர ஆட்சி' காலத்தில் சுமார் 17,000 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. அவர்களில் பலர் இந்தக் கத்திக்குக் கீழேதான் படுத்தார்கள். பிரான்ஸ் இதைக் கடைசியாக இயக்கியது 1977-இல். மரண தண்டனையை ஒழித்தது 1981-இல். பழியெல்லாம் பெயரோடு ஒட்டிக்கொண்டதால், டாக்டரின் குடும்பத்தார் தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டார்கள்.

வாள் மழுங்குவதைக் குறை என்றார் சான்சன். சாணை பிடிக்கும் அந்த நேரமாவது அடுத்தவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.