48 மணி நேர அமைதி: இணையத்துக்கு மட்டும் விலக்கா?

புதுதில்லி: வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பாகவே பொதுக்கூட்டம், ஊர்வலம், ஒலிபெருக்கி எல்லாம் ஓய்ந்துவிடுகின்றன. வாக்காளரின் கையில் உள்ள செல்போன் மட்டும் ஓய்வதில்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 126-ஆவது பிரிவு இந்த அமைதிக் காலத்தை விதிக்கிறது. மீறினால் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆனால், அப்பிரிவு குறிப்பிடுவது சினிமா, தொலைக்காட்சி மற்றும் அவற்றைப் போன்ற சாதனங்களை மட்டுமே. இணையம் என்ற சொல் அதில் இல்லை.

2004 தேர்தலில் பிரதமர் வாஜ்பாயின் பதிவு செய்யப்பட்ட குரல் தொலைபேசி வழியே வாக்காளர்களைத் தேடிச் சென்றது. 2009-இல் எல்.கே. அத்வானிக்கெனத் தனி இணையதளமே இயங்கியது. 2014-க்குப் பிறகு சமூக வலைதளங்களைத் தவிர்த்துப் பிரசாரம் என்பதே இல்லை என்றாகிவிட்டது.

தேர்தல் ஆணையம் வாளாவிருக்கவில்லை. வேட்பாளர்கள் தங்கள் சமூக வலைதளக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும், இணைய விளம்பரங்களுக்கு முன்அனுமதி பெற வேண்டும், அதற்கான செலவைக் கணக்கில் காட்ட வேண்டும் என்று 2013 அக்டோபரில் அது உத்தரவிட்டது. 126-ஆவது பிரிவை மீறும் பதிவுகள் குறித்த ஆணையத்தின் உத்தரவுகள் மீது 3 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுப்பதாக 2019 மார்ச்சில் வலைதள நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. எனினும், அது அந்நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்ட நெறிமுறையே தவிர, சட்டமல்ல.

2024 மக்களவைத் தேர்தல் 7 கட்டங்களாக நடைபெற்றது. ஒரு மாநிலத்தில் தலைவர் ஒருவர் பேசும் பேச்சு, பிரசாரம் ஓய்ந்துவிட்ட மற்றொரு மாநிலத்து வாக்காளரை அதே நொடியில் சென்றடைகிறது. தொகுதி எல்லையை அறிந்த சட்டம், எல்லையே இல்லாத ஊடகத்தை எவ்வாறு கட்டுப்படுத்தும்?

செலவுக் கணக்கும் இதே நிலையில்தான் உள்ளது. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கான செலவு வரம்பு 2022-இல் ரூ.95 லட்சமாக உயர்த்தப்பட்டது. கட்சிகளின் செலவுக்கோ உச்சவரம்பே இல்லை. ஆதரவாளர்கள் என்ற பெயரில் நடத்தப்படும் பக்கங்களுக்குப் பணம் தருவது யார் என்பதைக் கண்டறிவதும் எளிதல்ல.

இதற்குத் தீர்வு காண நாடாளுமன்றத்தால் இயலாது என்பதற்கில்லை. வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகளைத் தடை செய்ய 2009-இல் சேர்க்கப்பட்ட 126ஏ பிரிவு, மின்னணு ஊடகம் என்பதில் இணையத்தையும் செல்போனையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பல கட்டத் தேர்தலில் முதல் நாள் தொடங்கி இறுதிக் கட்டம் முடியும் வரை தடை நீடிக்கும் என்றும் அது கூறுகிறது.

கருத்துக்கணிப்புக்குக் காட்டிய இந்தத் தெளிவைப் பிரசாரத்துக்கும் காட்டினால் போதும். ஆனால், சட்டத்தைத் திருத்த வேண்டியவர்களே இந்த ஓட்டையால் பயனடைபவர்களாகவும் இருக்கிறார்கள். ஆளும்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி நிலவும் மௌனத்துக்கு இதுவே காரணம். வாக்காளர் யாருடைய குறுக்கீடும் இன்றிச் சிந்திக்கக் கிடைத்த அந்த இரண்டு நாள்கள்தாம் இதற்கு விலையாகின்றன.