வெண்டைக்காய் நட்சத்திரம்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் கோயில் வளாகத்து மாமரத்தடியில் பாய் விரித்துவிடுவார்கள். நாகர்கோவிலுக்கு மேற்கே உள்ள சின்னச் சபை அது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு விற்பனை விழா. பெரியவர்கள் முந்திரிக்கொத்தும் முறுக்கும் சுட்டுக் கொண்டுவருவார்கள். ஞாயிறுப்பள்ளிப் பிள்ளைகள் நாங்கள், கையால் செய்ததைக் கொண்டுவருவோம். சேரும் காசில் ஊரிலுள்ள விதவைகளுக்குச் சேலை எடுப்பார்கள். நான் சொல்வது 1980-களின் நடுப்பகுதி.

முதல் வேலை பசை காய்ச்சுவது. டீச்சர் மைதாவைக் கட்டி விழாமல் கரைத்து அடுப்பில் ஏற்றிக் கிண்டிக்கொண்டே இருப்பார். வெந்து பளபளப்பானதும் இறக்கி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். “விஷமாக்கும், கையை வாயில வைக்கப்பிடாது மக்களே” என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பார். சூடான பசையின் அந்த மாவு வாசம் வந்தால்தான் எனக்குக் கிறிஸ்துமஸ் வந்த மாதிரி இருக்கும்.

நட்சத்திரத்துக்குப் பத்து மூங்கில் சிம்புகள். ஐந்தைந்தாகக் கட்டினால் இரண்டு நட்சத்திரம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்க வேண்டும். பிறகு சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில் விரல் நீளக் குச்சிகளை இடையே நிறுத்தினால், தட்டையாகக் கிடந்தது வயிறு புடைத்து எழும்பும். அந்த நொடிக்காகத்தான் சிம்பு கீறிய விரலோடு காத்திருப்போம். மேலே கலர் பேப்பர் ஒட்டி, உள்ளே பல்பு தொங்கவிட்டால் முடிந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு வெண்டைக்காய். முற்றல் காயைக் குறுக்கே வெட்டிச் சிவப்பு மையில் தொட்டு அட்டையில் அழுத்தினால் ஐந்து மூலையோடு நட்சத்திரம் விழும். வாழ்த்து அட்டை ஒன்று நாலணா. மை ஈஷியிருக்கும், எழுத்து சாய்ந்திருக்கும். ஆனாலும் எல்லாம் விற்றுத் தீரும். கடையில் வாங்கிய அட்டை அன்று எங்கள் தெருவில் வசதியான இரண்டு வீடுகளுக்குத்தான் வரும்.

பிள்ளைகளின் கைவேலையை விற்று நல்ல காரியம் செய்வது எங்கள் ஊருக்கு மிகப் பழைய வழக்கம். 1819-இல் நாகர்கோவில் வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார், தாம் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை. ரேந்தை விற்ற பணம் அந்தப் பள்ளியைத் தாங்கியது. அவர் மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கும் ரேந்தை வேலையைக் கொண்டுபோனார். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே அடிமைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாற்றில் வருகிறது. இதைப் படித்தபோது வெகுநேரம் புத்தகத்தை மூட முடியவில்லை. ஒரு நூல் பிசகினாலும் விலை போகாது என்ற பயத்தோடு அந்தப் பிள்ளைகள் பின்னியிருப்பார்கள். எங்களுக்கு அந்தப் பயம் இல்லை. கோணலாகச் செய்யும் உரிமை இருந்தது.

இன்று அதே மாமரத்தடி மேசைக்கு நான் பொறுப்பு. நட்சத்திரம் கடையில் மடித்து வைத்தபடியே கிடைக்கிறது. விரித்து மாட்டினால் போதும். பசைக்குத் துப்பாக்கி போன்ற கருவி, ஃபோம் ஷீட், ஜிகினா எல்லாம் வந்துவிட்டன. பணம் க்யூஆர் அட்டையில் விழுகிறது. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. மயில்துத்தத்தைப் பிள்ளைகள் பக்கத்தில் வைத்திருந்ததை நினைத்தால் இப்போது நெஞ்சு படபடக்கிறது. அது போனது நல்லதுதான்.

என்னை உறுத்தியது வேறு. மூன்று வருஷத்துக்கு முன் மேசை நிறையப் பனிமனிதர்கள். அத்தனையும் அச்சில் வார்த்தது போல இருந்தன. தாய்மார்கள் இரவு கண்விழித்து ஒட்டியவை. பிள்ளை பெயர் மட்டும் அடியில். “இத நீ எப்பிடி செஞ்ச?” என்று ஒரு சிறுமியிடம் கேட்டேன். அம்மா முகத்தைப் பார்த்தாள்.

மறுவருஷமே சொல்லிவிட்டேன்: கத்தியும் அடுப்பும் பெரியவர்களுக்கு, மற்றதெல்லாம் பிள்ளைகளுக்கு. மூங்கிலும் வெண்டைக்காயும் மேசைக்குத் திரும்பின. 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததிலிருந்து, வாங்கியவர்களுக்கு எதில் போட்டுக் கொடுப்பது என்று திண்டாடிக்கொண்டிருந்தோம். இப்போது அதற்காக எழுபது தாண்டிய ஒரு பாட்டி, குருத்தோலை கீறிப் பெட்டி முடையக் கற்றுத் தருகிறார். பனையேறுகிறவர் இப்போது அபூர்வம் என்பதால் ஓலைக்குப் பத்து நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

போன வருஷம் எட்டு வயதுப் பையன் ஒருவன் கட்டிய நட்சத்திரத்தில் ஒரு கால் நீண்டுவிட்டது. அவிழ்த்துக் கட்டவா என்று கேட்டேன், வேண்டாம் என்றான். விழா அன்று மேசைப் பக்கமே நின்றுகொண்டிருந்தான். சாயங்காலம் ஒரு பெரியவர் அதை எடுத்து நூறு ரூபாய் அனுப்பிவிட்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். பையன் பின்னாலேயே ஓடினான்.

“தாத்தா, நீளக் கால் மேல வரணும். அப்பத்தான் நேரா தொங்கும்.”

பெரியவர் நட்சத்திரத்தைத் திருப்பிப் பிடித்து, “இப்பிடியா?” என்று கேட்டார்.