பிளக் பாயின்டில் தொடங்கும் மின் ஸ்கூட்டர்

மின் ஸ்கூட்டர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அதற்கான பிளக் பாயின்ட் தயாராகிவிட வேண்டும். சார்ஜர் பல மணி நேரம் இடைவிடாமல் மின்சாரம் இழுக்கும். செல்போன் சார்ஜ் ஏறும் 5 ஆம்பியர் பாயின்ட் அதைத் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. தனி எம்.சி.பி.யுடன் 15 ஆம்பியர் பாயின்ட் போடுவதே நல்லது. சாக்கெட் தளர்ந்திருந்தால் பிளக்கின் பின் சூடேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் முதலில் பழுப்பாகும், பிறகு உருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் இந்த ஆபத்து இன்னும் கூடும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். எர்த் இல்லாத பாயின்டில் சில சார்ஜர்கள் வேலையே செய்யாது. செலவு குறைவுதான்: 3 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி முழுதாக நிரம்ப, இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய மூன்றரை யூனிட் ஆகும்.

மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் வண்டிக்கு ஆர்.டி.ஓ. பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. இதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது, சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மற்ற வண்டிகளுக்குப் பதிவு, காப்பீடு, உரிமம், பச்சை நம்பர் பிளேட்டு எல்லாம் உண்டு. ஹெல்மெட் எந்த வண்டியானாலும் அவசியம்.

பெரும்பாலான வண்டிகளில் சைடு ஸ்டாண்டை எடுத்து, பிரேக்கைப் பிடித்தபடி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் வண்டி தயாராகிவிடும். சத்தமோ அதிர்வோ இருக்காது. திரையில் ஒரு குறி தெரியும், அவ்வளவுதான். பெட்ரோல் வண்டிக்குப் பழகியவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. வண்டி ஆன் ஆகியிருப்பது தெரியாமல் கேட்டுக்கு வெளியே தள்ளும்போது கை ஆக்சிலரேட்டரில் பட்டால், முழு இழுவிசையோடு அது பாய்ந்துவிடும். எனவே தள்ளும்போது ஆஃப் செய்துவிட வேண்டும். முதல் சில நாட்கள் ஈகோ மோடிலேயே ஓட்டிப் பழகலாம். ஆக்சிலரேட்டரை விட்டதும் பல வண்டிகளில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஆனாலும் பிரேக் பிடிக்கும் வேலை ஓட்டுபவருடையதுதான்.

விளம்பரத்தில் சொல்லும் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், சோதனை நிலையில் கிடைத்தது. வேகம், பின்னால் ஆள், மேடு, டயரில் காற்றுக் குறைவு ஆகிய எல்லாமே அதைக் குறைக்கும்.

வண்டியின் விலையில் பெரும்பகுதி பேட்டரிதான் என்பதால் அதைப் பேணுவதில் சோம்பல் கூடாது. பல லித்தியம் பேட்டரிகளுக்கு அன்றாடம் 80 சதவீதம் வரை சார்ஜ் செய்வதே போதும். ஆனால் சில வகைகளுக்கு அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள் என்பதால் கையேட்டைப் பார்ப்பது நல்லது. சுத்தமாகத் தீர்ந்த நிலையில் பல வாரம் நிறுத்தி வைத்தால் பேட்டரி கெட்டுவிடும். ஊருக்குப் போகிறவர்கள் பாதியளவு சார்ஜ் வைத்துவிட்டுப் போகலாம். வெயிலில் ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜில் போடாமல் கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும்.

2022இல் சில மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததையடுத்து, ஏ.ஐ.எஸ். 156 என்னும் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. பழைய வண்டி வாங்குபவர்கள் அதன் பேட்டரி இந்தத் திருத்தப்பட்ட விதிகளின்படி தயாரானதா என்று கேட்பது நல்லது.

பேட்டரியின் நீர்த்தடுப்புத் தரமாகக் குறிப்பிடப்படும் ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. அந்தச் சோதனை நல்ல நிலையிலுள்ள பேட்டரிக்குச் செய்யப்படுவது. ஓட்டி அடிபட்ட வண்டி அப்படியே தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. வெள்ளத்தில் மூழ்கிய ஸ்கூட்டரை ஆன் செய்யவோ சார்ஜில் போடவோ கூடாது. வீட்டிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆளை வரவழைக்க வேண்டும்.