மின்கம்பி அளவும் சுற்றுமுறிப்பானும்

வீட்டு மின்னிணைப்பில் கம்பியின் பருமனுக்கு ஏற்ற சுற்றுமுறிப்பானைத் தேர்தல் என்பது, சுவருக்குள் செல்லும் கம்பி தாங்கக்கூடிய அளவைக் கடந்து நெடுநேரம் மின்னோட்டம் பாயாதவாறு காக்கும் வழிமுறை ஆகும். பேச்சு வழக்கில் எம்.சி.பி. அல்லது டிரிப்பர் எனப்படும் சிறு சுற்றுமுறிப்பான், வீட்டிலுள்ள கருவிகளைக் காப்பதற்காகவே பொருத்தப்படுகிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது முதலாவதாகக் காப்பது கம்பியையே. கருவி பழுதானால் மாற்றிவிடலாம். சுவருக்குள் உள்ள கம்பி சூடாவது எவர் கண்ணிலும் படுவதில்லை. இக்கட்டுரையில் வரும் கணக்குகள் இந்தியாவில் வழங்கும் 230 வோல்ட்டு ஒருமுனை மின்சாரத்தை அடிப்படையாகக் கொண்டவை.

கம்பியின் அளவும் வெப்பமும்

கம்பியின் அளவு அதன் குறுக்குவெட்டுப் பரப்பால் குறிக்கப்படுகிறது. கடைகளில் "ஒன்றரை எம்.எம்.", "இரண்டரை எம்.எம்." என்று கேட்டு வாங்கப்படுபவை முறையே 1.5, 2.5 சதுர மில்லிமீட்டர் பரப்புடைய கம்பிகள். அவ்வெண்கள் விட்டத்தைக் குறிப்பன அல்ல. பழைய வீடுகளில் 3/22 என்னும் கம்பியைக் காணலாம். மூன்று இழைகள் கொண்ட இதன் பரப்பு ஏறத்தாழ 1.2 ச.மி.மீ. மட்டுமே.

மின்னோட்டம் பாயும் கம்பியில் தோன்றும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் கம்பியின் தடைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். 1.5 ச.மி.மீ. செப்புக் கம்பியின் தடை 20 °செ. வெப்பநிலையில் மீட்டருக்கு 0.0121 ஓம். அதில் 10 ஆம்ப்பியர் பாயும்போது ஒவ்வொரு மீட்டரிலும் 1.2 வாட்டு வெப்பம் தோன்றும். அதே கம்பியில் 32 ஆம்ப்பியர் பாய்ந்தால் அது 12 வாட்டைக் கடந்துவிடும். அதாவது மின்னோட்டம் மும்மடங்கைச் சற்றே தாண்டும்போது வெப்பம் பத்து மடங்காகிறது. கம்பியைச் சுற்றியுள்ள சாதாரண பி.வி.சி. உறையோ தொடர்ந்து 70 °செ. வரையே தாங்கும்.

சுற்றுமுறிப்பான் செயற்படும் விதம்

சிறு சுற்றுமுறிப்பானுக்குள் இரண்டு அமைப்புகள் உள்ளன. ஒன்று ஈருலோகத் தகடு. மிகைச்சுமையால் சூடேறி மெல்ல வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. மற்றொன்று மின்காந்தச் சுருள். குறுக்குச்சுற்று நேரும்போது கண நேரத்தில் துண்டிக்கிறது. வீடுகளில் பரவலாகப் பயன்படும் சி வகையில், குறித்த அளவைப் போல் 5 முதல் 10 மடங்கு மின்னோட்டத்தில் இச்சுருள் இயங்கும்.

16 ஆம்ப்பியர் முறிப்பான் 16 ஆம்ப்பியரைத் தாண்டியவுடன் விழுந்துவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். ஐ.ஈ.சி. 60898 தரத்தின்படி, குறித்த அளவின் 1.13 மடங்கு வரை அது ஒரு மணி நேரத்துக்குள் விழக் கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். எனவே 32 ஆம்ப்பியர் முறிப்பான் 36 ஆம்ப்பியரை ஒரு மணி நேரத்துக்கு மேலும் அனுமதிக்கலாம்.

பொருத்தும் விதி

சுமையின் மின்னோட்டம் ≤ முறிப்பானின் அளவு ≤ கம்பியின் தாங்குதிறன்

இவ்விதியில் பிழை நேர்வது பெரும்பாலும் மூன்றாவது உறுப்பில்தான். சுவரிலுள்ள குழாய் வழியே செல்லும் பி.வி.சி. உறையிட்ட செப்புக் கம்பிகளுக்கு ஐ.ஈ.சி. அட்டவணை தரும் தாங்குதிறன் 1.5 ச.மி.மீ.க்கு 17.5, 2.5க்கு 24, 4க்கு 32 ஆம்ப்பியர். ஆனால் இவை 30 °செ. சூழலில், ஒரே ஒரு சுற்று குழாய்க்குள் இருக்கும் நிலைக்கு உரியவை. தமிழ்நாட்டின் கோடையில் பல ஊர்களில் 40 °செ. இயல்பு. அதற்காக 0.87 ஆலும், ஒரே குழாயில் இரு சுற்றுகள் சென்றால் 0.80 ஆலும் பெருக்க வேண்டும். அப்போது தாங்குதிறன் முறையே 12.2, 16.7, 22.3 ஆம்ப்பியராகக் குறைகிறது. ஆகவே 1.5க்கு 10, 2.5க்கு 16, 4க்கு 20 ஆம்ப்பியர் முறிப்பான்களே பொருந்தும். வெயில் நேரே படும் மேல்தளக் காங்கிரீட்டுக்குள் குழாய் சென்றால் தாங்குதிறன் இன்னும் குறையும்.

அடிக்கடி விழும் முறிப்பான்

விளக்கு, மின்விசிறிகளுக்காக 1.5 ச.மி.மீ. கம்பியும் 10 ஆம்ப்பியர் முறிப்பானும் இட்ட சுற்றில், பின்னாளில் 2000 வாட்டு இன்டக்சன் அடுப்பும் 1500 வாட்டு மின்கெண்டியும் ஒருங்கே இயங்குவதாகக் கொள்வோம். இவை மட்டுமே 15.2 ஆம்ப்பியர் இழுக்கும். முறிப்பான் விழும். "இது சரியில்லை, பெரிதாகப் போட்டுவிடுவோம்" என்று 32 ஆம்ப்பியர் முறிப்பானைப் பொருத்தினால் தொல்லை நின்றுவிடும், கம்பி மாறவில்லை. மேற்கண்ட நிலையில் அது தாங்கக்கூடிய வெப்பத்தைப் போல் ஒன்றரை மடங்கு அதில் தோன்றிக்கொண்டிருக்கும். புதிய முறிப்பானுக்கு 15 ஆம்ப்பியர் என்பது பாதிச் சுமை கூட அன்று. உறை அன்றே எரிவதில்லை. மாதக்கணக்கில் இறுகி, வெடித்து, ஒருநாள் கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. முன்பு பியூசு கட்டையில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவைத்த வழக்கமும் இதே தவறுதான். இந்நிலையில் செய்யத்தக்கது, அடுப்புக்குப் பலகையிலிருந்து 2.5 ச.மி.மீ. அல்லது அதனினும் பருத்த கம்பியில் தனிச் சுற்று இழுத்து, 16 ஆம்ப்பியர் கொள்துளை வைப்பது.

வளையச் சுற்று

பிரித்தானியாவில் 2.5 ச.மி.மீ. கம்பிக்கு 32 ஆம்ப்பியர் முறிப்பான் இடப்படுவது இவ்விதிக்கு முரணாகத் தோன்றலாம். அங்குக் கம்பி பலகையிலிருந்து புறப்பட்டு எல்லாக் கொள்துளைகளையும் தொட்டு மீண்டும் பலகைக்கே திரும்புவதால், மின்னோட்டம் இரு வழியாகப் பிரிகிறது. ஒவ்வொரு செருகியிலும் 13 ஆம்ப்பியருக்கு மேற்படாத உருகியும் உண்டு. ஒருமுனையில் முடியும் நம் சுற்றுகளுக்கு இவ்வளவைப் பின்பற்றுதல் கேடானது.

சுற்றுமுறிப்பான் காக்காதவை

மனித உடல் வழியே பாயும் சில பத்து மில்லிஆம்ப்பியர் உயிரைப் போக்கவல்லது. 10 ஆம்ப்பியர் முறிப்பான் அதனை உணராது. அதற்கு 30 மில்லிஆம்ப்பியரில் இயங்கும் கசிவு மின்னோட்ட முறிப்பான் தனியே தேவை. திருகு தளர்ந்த இணைப்புகளும் இவ்வாறே. அங்கு மின்னோட்டம் மிகாமல் தடை மட்டுமே மிகுவதால், கொள்துளை பழுப்பேறிக் கருகும் வரையிலும் சுற்றுமுறிப்பான் விழாதிருக்கும்.