வீட்டுக்கு முன் மனை

தமிழக அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம், 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டது. குடிசைக்கு மாற்றாக 360 சதுர அடியில் வீடு கட்ட ரூ.3.5 லட்சம் கிடைக்கும். ஆனால், பயனாளிக்குச் சொந்த மனையோ பட்டாவோ இருக்க வேண்டும். நாஞ்சில் நாட்டில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இக்குறுகிய நிலத்தில் மனையைச் சென்ட் கணக்கில்தான் வாங்குகிறோம். வயல்களும் மனைகளாகி வருவதை நான் காண்கிறேன். மனையற்றோருக்கு வாடகை வீடே கதி. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொண்டால் அவ்வரம்பு பொருந்தாது. ஆகவே, கட்டுமான மானியத்துக்கு முன்பாக, தகுதியான புறம்போக்கில் மனைப்பட்டா வழங்குவதும் முன்பண வரம்பை உறுதியாக்குவதும் அவசியம் என்பேன்.